உங்கள் இன்ஸ்பெக்டர் கையில் உத்தரவு இருக்கிறதா?

காவல்துறைத் தொடர்களை எழுதுவோர்க்கும், இயக்குவோர்க்கும், ஒளிபரப்பும் தொலைக்காட்சிகளின் கதை இலாகாவினர்க்கும்,

வணக்கம். 1989-இல் திருவண்ணாமலையும் 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்துபோக, மிச்சமிருக்கும் வேலூரில் இருந்து எழுதுகிறோம். குடும்ப வன்முறை வழக்குகள், சாட்சிப் பாதுகாப்பு மனுக்கள், காவல் நிலைய எழுத்து வேலை ஆகியவற்றோடு புழங்குகிறவர்கள் நாங்கள். உங்கள் தொடர்களையும் விடாமல் பார்க்கிறவர்கள். அதனால்தான் இந்த மடல்.

எந்தப் போலீஸ் தொடரானாலும் ஓர் எபிசோட் தப்பாமல் வந்துவிடுகிறது. தொரப்பாடி மத்திய சிறையிலிருந்து ஒருவன் விடுதலையாகிறான். தன்னை உள்ளே தள்ளிய இன்ஸ்பெக்டரைப் பழிவாங்க, அவருடைய முன்னாள் மனைவியைக் குறிவைக்கிறான். அந்தப் பெண் காட்பாடியில் ஆசிரியை. சத்துவாச்சாரியில் மகளோடு தனியாக இருக்கிறார். இன்ஸ்பெக்டர் அவருக்குத் தெரியாமல் தெருமுனையில் ஜீப்பை நிறுத்திக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார். நண்பர் ஒருவரிடம் சொல்லி அந்தப் பெண்ணின் செல்போன் எந்த டவரில் இருக்கிறது என்று பார்க்கிறார். பள்ளிக்குப் போகும்போது பின்னாலேயே போகிறார். அந்தப் பெண் ஒருமுறை திரும்பிப் பார்த்து, "உங்களுக்கும் எனக்கும் இனி ஒன்றும் இல்லை, என் பின்னால் வராதீர்கள்" என்கிறார். வயலின் வாசிக்கிறது. கடைசியில் கதவை உதைத்துக்கொண்டு அவர் நுழைகிறார், வில்லன் விழுகிறான், மகள் "அப்பா" என்கிறாள்.

வில்லன் வருவதற்கு முன்பே இந்தக் கதையில் ஒரு குற்றம் நடந்து முடிந்துவிட்டது. செய்தவர் உங்கள் கதாநாயகன்.

எது குற்றம், என்ன தண்டனை என்று சொல்லும் பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தின் 78-ஆம் பிரிவைப் பாருங்கள். பெண் தன் விருப்பமின்மையைத் தெளிவாகக் காட்டிய பிறகும் ஓர் ஆண் திரும்பத் திரும்ப அவரைப் பின்தொடர்ந்து பேச முயன்றாலும், அவருடைய மின்னணுத் தொடர்புகளைக் கண்காணித்தாலும் அது குற்றம். முதல் தடவைக்கு 3 ஆண்டு வரை, மறு தடவைக்கு 5 ஆண்டு வரை சிறை. விதிவிலக்கு உண்டு: குற்றத்தைத் தடுக்கவோ கண்டுபிடிக்கவோ செய்தது என்றால், அந்தப் பொறுப்பை அரசு தன்னிடம் ஒப்படைத்திருந்தது என்றால், குற்றமில்லை. ஆனால் இரண்டையும் நிரூபிக்க வேண்டியது அந்த ஆண்தான். காக்கிச் சட்டை போட்டிருந்தால் மட்டும் போதாது; "இந்த வேலையை இவர் பார்க்கட்டும்" என்று மேலதிகாரி எழுதிக் கொடுத்திருக்க வேண்டும், நிலையத்தின் பொது நாட்குறிப்பில் அது ஏறியிருக்க வேண்டும். உங்கள் இன்ஸ்பெக்டரிடம் அந்தத் தாள் இல்லை. பத்து எபிசோடுக்கு முன் நீங்களே வில்லனாகக் காட்டிய ஒருதலைக் காதலனுக்கும் இவருக்கும் சட்டத்தின் கண்ணில் இருக்கும் வித்தியாசம் அந்த ஒரு தாள்தான்.

கதையை விட்டுவிடச் சொல்லவில்லை. அதே கதையை ஒழுங்கான வழியில் கொண்டுபோனால் பதற்றம் குறையாது, கூடும் என்கிறோம். எப்படி என்று சொல்கிறோம்.

முதல் மிரட்டல் அழைப்பு யாருக்கு வருகிறதோ அவர்தான் புகார் தர வேண்டும். இந்தக் கதையில் அது ஆசிரியை. முன்னாள் கணவர் தன் நிலையத்தில், தன் ரைட்டரை வைத்து, தானே வாதியாக எழுதி முடித்துவிடுவது உங்களுக்கு ஒரு காட்சி மிச்சம். வழக்குக்கு ஒரு ஓட்டை. கொன்றுவிடுவேன் என்ற மிரட்டல் நியாய சன்ஹிதா 351-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவில் வரும், 7 ஆண்டு வரை தண்டனை. பெயர் தெரியாமல் மறைத்து மிரட்டியிருந்தால் நான்காம் உட்பிரிவும் சேரும், இன்னும் 2 ஆண்டு வரை. இந்த 7 என்ற எண்ணை நினைவில் வையுங்கள். சாட்சிப் பாதுகாப்புக்குப் போகும்போது அதுதான் கதவைத் திறக்கும்.

மிரட்டியவன் காட்பாடி ஜங்ஷன் பிளாட்பாரத்தில், ஏலகிரி எக்ஸ்பிரஸ் வரும் நேரத்தில் எதிரே வந்து நின்றான் என்று வையுங்கள். உள்ளூர் நிலையத்தில் "அது ரயில்வே போலீஸ் எல்லைம்மா" என்பார்கள். ரயில்வே நிலையத்தில் "வீடு சத்துவாச்சாரியில இருக்குது, அங்க போங்க" என்பார்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலிருக்கும், குற்ற வழக்கு நடைமுறையைச் சொல்லும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவலைப் பதிய வேண்டும் என்கிறது. ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டு உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டியது அவர்கள் வேலை. மின்னஞ்சல் போன்ற வழியில் அனுப்பினாலும் ஏற்க வேண்டும். 3 நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். அந்த 3 நாளை ஆசிரியை தவறவிடுகிறாரா இல்லையா என்பதிலேயே உங்களுக்கு அரை எபிசோட் இருக்கிறது.

இன்னொரு பொறி, தமிழ்நாட்டுக்கே உரியது: சி.எஸ்.ஆர். ரசீது. புகாரை வாங்கிக்கொண்டு, எண் போட்டு ஒரு ரசீதைக் கையில் கொடுத்துவிடுவார்கள். வாங்கினவர் வழக்குப் பதிவாகிவிட்டது என்று நினைத்து வீட்டுக்குப் போவார். அது மனு வந்து சேர்ந்ததற்கு அடையாளம், அவ்வளவுதான். எஃப்.ஐ.ஆர். நகல் தகவல் தந்தவருக்குக் கட்டணமில்லாமல் கிடைக்க வேண்டும். நகல் வரவில்லையென்றால் பதிவாகவில்லை என்றே கொள்ளலாம். 3 ஆண்டு முதல், ஆனால் 7 ஆண்டுக்குக் குறைவாகத் தண்டனை உள்ள குற்றமானால் டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை நடத்தவும் சட்டம் இடம் தருகிறது. நிலையத்தில் பதிய மறுத்தால் எஸ்.பி.க்கு அஞ்சலில் எழுதலாம், அங்கும் நடக்கவில்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். (ஒரு விண்ணப்பம்: வேலூரில் போலீஸ் கமிஷனர் கிடையாது. இது மாநகராட்சி, ஆனால் கமிஷனரேட் இல்லை. மாவட்டத்துக்கு எஸ்.பி., சரகத்துக்கு டி.ஐ.ஜி. கோட்டை அகழியின் மேல் ட்ரோனைப் பறக்கவிட்டு "வேலூர் கமிஷனர் அலுவலகம்" என்று எழுத்துப் போடும்போது இங்கே வீட்டுக்கு வீடு சிரிக்கிறார்கள். ஏட்டு மதுரைத் தமிழ் பேசுவதையும் இதே பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் ஏட்டு "இன்னா சார், இப்பத்தான் வந்துனு இருக்கேன்" என்பார்.)

மிரட்டல் வாட்ஸாப்பில் வந்திருந்தால், உங்கள் கதாபாத்திரம் உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு, "இந்தக் கருமம் என் போனில் இருக்க வேண்டாம்" என்று மூலச் செய்தியை அழித்துவிடுகிறது. அங்கேயே சாட்சியம் பாதி போயிற்று. செய்தியை அழிக்கக் கூடாது, போனை மாற்றக் கூடாது, உரையாடலை முழுதாக ஏற்றுமதி செய்து வைக்க வேண்டும். நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்போது சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்று வேண்டும். அதில் இரண்டு பகுதி: ஒன்று சாதனத்தை வைத்திருப்பவர் தருவது, மற்றது நிபுணர் தருவது, கோப்பின் ஹாஷ் மதிப்பும் (கோப்பு மாற்றப்படவில்லை என்பதைக் காட்டும் குறியீடு) அதில் எழுதப்பட வேண்டும்.

அடிபட்டிருந்தால் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையில் முதலில் எழுதப்படுவது விபத்துப் பதிவேடு. அடித்தது "தெரிந்த நபர் ஒருவர்" என்று அதில் ஏறுகிறதா, "தெரியாத நபர்கள்" என்று ஏறுகிறதா என்பதை யாரும் அந்த நேரத்தில் கவனிப்பதில்லை. ரத்தம் வழிய வந்தவர் சொல்லாததை உடன் வந்த உறவுக்காரர் சொல்லிவிடுவார், மருத்துவர் எழுதிவிடுவார். இரண்டு வருடம் கழித்துக் குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எடுத்து வைக்கும் முதல் தாள் அதுவாகத்தான் இருக்கும். இதைவிட நல்ல திருப்பம் உங்கள் கதை இலாகாவில் கிடைக்குமா?

இனி கதாநாயகனுக்கு வருவோம். அவர் செய்ய வேண்டிய முதல் வேலை விலகிக்கொள்வது. "மிரட்டப்பட்டவர் என் முன்னாள் மனைவி, மிரட்டியவர் நான் கைது செய்த நபர், இந்த விசாரணையை வேறு அதிகாரியிடம் ஒப்படைக்கக் கேட்டுக்கொள்கிறேன்" என்று எஸ்.பி.க்கு எழுத்தில் தர வேண்டும். தகவல் தந்தவரே விசாரணை அதிகாரியாக இருந்தால் வழக்கே செல்லாது என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2020 ஆகஸ்டில் அரசியல் சாசன அமர்வு அதை மாற்றி, அது மட்டும் காரணமாகாது, பாரபட்சம் இருந்தது என்பதைக் காட்ட வேண்டும் என்றது. முன்னாள் கணவர் விசாரித்த வழக்கில் பாரபட்சத்தைக் காட்ட எதிர்த்தரப்புக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். விலகாத கதாநாயகன் தன் முன்னாள் மனைவியின் வழக்கைத் தானே கெடுக்கிறார்.

சாட்சிப் பாதுகாப்பு என்பது வெளிநாட்டுத் தொடர்களில் மட்டும் வருவதல்ல. மகேந்தர் சாவ்லா வழக்கில் 2018 டிசம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை ஏற்று, நாடு முழுவதும் சட்டம்போல் நடைமுறைப்படுத்தச் சொன்னது. இப்போது சுரக்ஷா சன்ஹிதா 398-ஆம் பிரிவும் மாநிலங்கள் இப்படி ஒரு திட்டம் வகுக்க வேண்டும் என்கிறது. 2018 திட்டத்தின்படி மாவட்டம்தோறும் ஒரு குழு: தலைவர் மாவட்ட அமர்வு நீதிபதி, உறுப்பினர் மாவட்டக் காவல் தலைவர், உறுப்பினர் செயலர் மாவட்ட அரசு வழக்கு நடத்துநர்களின் தலைவர். மனு போனதும் அந்த உட்கோட்டத்து டி.எஸ்.பி.யிடம் அச்சுறுத்தல் ஆய்வு அறிக்கை கேட்பார்கள். 5 வேலை நாளுக்குள் அவர் ரகசியம் காத்துத் தர வேண்டும். அச்சுறுத்தல் மூன்று வகை: உயிருக்கு ஆபத்து முதல் வகை; பாதுகாப்புக்கோ நற்பெயருக்கோ சொத்துக்கோ ஆபத்து இரண்டாவது; மிதமான தொந்தரவும் மிரட்டலும் மூன்றாவது. அறிக்கை வந்த 5 வேலை நாளுக்குள் குழு முடிவு சொல்ல வேண்டும். அவசரமானால் இடைக்காலப் பாதுகாப்பு உடனே தரலாம். உயிருக்கு ஆபத்து கண்முன் தெரிந்தால் குழுவுக்காகக் காத்திருக்காமல் காவல்துறையே பாதுகாப்புத் தரவும் தடையில்லை. ஆகவே "சட்டப்படி போனால் நேரம் ஆகிவிடும்" என்று கதாநாயகன் மேசையைத் தட்டும் வசனத்துக்கு அவசியமில்லை.

இங்கேதான் உங்கள் கதைக்கென்றே அமைந்த ஒரு முடிச்சு. வில்லனை உள்ளே தள்ளியது ஒரு கொலை வழக்கு என்று வையுங்கள். அதில் சாட்சி இன்ஸ்பெக்டர். திட்டம் சாட்சிக்கும் அவர் குடும்பத்துக்கும் பாதுகாப்புத் தருகிறது. குடும்பம் என்று அது எண்ணிச் சொல்வது பெற்றோர், துணைவர், சேர்ந்து வாழும் இணை, உடன்பிறந்தோர், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். முன்னாள் மனைவி அந்த வரிசையில் இல்லை. மகள் இருக்கிறாள். அப்பாவின் பெயரில் போன மனு மகளைக் காக்கும், அதே கூரையின் கீழ் இருக்கும் அம்மாவுக்கு வாதாடித்தான் வாங்க வேண்டும். இதற்கு வழி, ஆசிரியை தன் பெயரில் தந்த மிரட்டல் புகார். 7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றத்தில் அவரே சாட்சி, ஆகவே அவர் பெயரிலேயே மனு போடலாம். பின்தொடர்தல் போன்ற, பெண்களுக்கு எதிரான சில குற்றங்களைத் திட்டம் தனியாகவும் சேர்த்திருக்கிறது. அவர் யாருடைய முன்னாள் மனைவியாகவும் அந்த நீதிபதி அறைக்குள் போக வேண்டியதில்லை. பாதுகாப்பு எதுவெது வேண்டும், எது வேண்டாம் என்று குழு அவரிடம்தான் கேட்கும். கதாநாயகன் வராந்தாவில் நிற்பார். நல்ல நடிகருக்கு அந்த வராந்தா போதும்.

உத்தரவு கிடைத்தாலும் ஒருமுறைக்கு 3 மாதத்துக்கு மேல் இல்லை. பிறகு மறுபடி பார்க்க வேண்டும். மாதந்தோறும் பின்தொடர் அறிக்கை போக வேண்டும். தொலைபேசி எண் மாற்றம், வீட்டுக்கு கேமரா, வழக்கமான ரோந்து, நீதிமன்றத்துக்கு அழைத்துப் போய்த் திரும்பக் கொண்டுவிடுதல், எதிரி முகத்தில் விழிக்காமல் சாட்சி சொல்ல ஏற்பாடு, தற்காலிக இருப்பிட மாற்றம் என்று வரிசை நீளும்.

அடுத்து, காவல் எப்படி இருக்கும் என்பது. துப்பாக்கியோடு இரண்டு பேர் வாசலில் மரம் மாதிரி நிற்பதைக் காட்டுகிறீர்கள். கணக்கு இதுதான்: ஓர் ஆள் 24 மணி நேரமும் இருக்க வேண்டுமென்றால் 8 மணி நேரமாக மூன்று பேர், வார ஓய்வும் விடுப்பும் சேர்த்தால் நாலு பேராவது வேண்டும். வீட்டுக்குள் வர வேண்டியிருப்பதால் பெண் காவலர் கட்டாயம். ஆட்கள் பெரும்பாலும் ஆயுதப்படையிலிருந்து வருவார்கள். உள்ளூர் தெருவும் முகமும் அவர்களுக்குத் தெரியாது. பால்காரரைத் தடுத்து நிறுத்துவார்கள், ஆசிரியையின் மாமா மகன் என்று சொல்லிக்கொண்டு வருகிறவனை உள்ளே விட்டுவிடுவார்கள். யார் வரலாம் என்ற பெயர்ப் பட்டியலை, படத்தோடு, முதல் நாளே ஆசிரியை எழுதித் தர வேண்டும்.

முழுநேரக் காவல் கிடைக்காதவர்களுக்கு ரோந்து. வாசலில் ஒரு பட்டா புத்தகம் தொங்கும். ரோந்துக் காவலர் வந்து நேரம் குறித்துக் கையெழுத்துப் போடுவார். எங்கே கெடுகிறது என்றால், அவர் தினமும் பதினொன்றுக்கும் இரண்டுக்கும் வருகிறார். மூன்று இரவு எதிர்ப் பெட்டிக்கடையில் நின்று பார்த்தவனுக்கு நடுவில் மூன்று மணி நேரம் காலி என்று தெரிந்துவிடும். சில இடங்களில் ஒரே மூச்சில் இரண்டு கையெழுத்தும் விழும். நேரத்தை மாற்றி மாற்றிப் போடச் சொல்லி எஸ்.ஐ. எழுத வேண்டும்.

வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. கெளண்டன்யா ஆற்றங்கரையில் லட்சக்கணக்கில் கூட்டம் சேரும். மாவட்டத்துப் போலீஸில் பெரும்பகுதி பந்தோபஸ்துக்கு அங்கே போய்விடும். தனிக் காவலுக்கு நின்ற பெண் காவலரையும் "ஒரு நாள்தானே" என்று இழுத்துக்கொள்வார்கள். வில்லனுக்குத் தேதி வேண்டுமென்றால் இதைவிட நல்ல தேதி வேலூர் நாட்காட்டியில் இல்லை. மாற்று ஆள் யார் என்பதை ஒரு வாரம் முன்னதாகவே எழுதி வாங்கிவிட்ட எஸ்.ஐ.யை, முடிந்தால் பெண் எஸ்.ஐ.யாக, கதைக்குள் கொண்டுவாருங்கள்.

வீட்டைப் பற்றியும் கொஞ்சம். உங்கள் வில்லன் எப்போதும் ஜன்னல் கண்ணாடியை உடைக்கிறான். சத்துவாச்சாரி, விருதம்பட்டுப் பக்கத்து வீடுகளில் மொட்டை மாடிக்கு வெளிப்படிக்கட்டு இருக்கும். மாடிக் கதவுக்கு ஒரு சின்னத் தாழ்ப்பாள்தான். சித்திரை வெயிலில் ராத்திரி வீட்டுக்குள் படுக்க முடியாமல் அந்தக் கதவைத் திறந்து வைத்துவிட்டுத்தான் தூங்குவார்கள். முன்வாசல் கிரில் கேட்டுக்கு இரண்டு பூட்டு போட்டு என்ன பயன்? கேமரா வைத்தால் பதிவுப் பெட்டியை டி.வி.க்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், வந்தவன் கையோடு கொண்டுபோவான். கரண்ட் போனால் ஓட யு.பி.எஸ். வேண்டும். பெட்டியின் கடிகாரம் பத்து நிமிடம் தவறாக ஓடினால், அழைப்புப் பதிவோடு நேரம் ஒத்துப்போகாமல் நீதிமன்றத்தில் மாட்டிக்கொள்ளும். பதிவுகள் சில வாரத்தில் தானே அழிந்துவிடும் என்பதால் அன்றன்றே நகலெடுக்க வேண்டும்.

டவர் லொகேஷன் விஷயம். பத்து விநாடியில் வரைபடத்தில் சிவப்புப் புள்ளி துடிக்கிறது உங்கள் திரையில். அழைப்பு விவரங்களை நிறுவனங்களிடம் கேட்பது எஸ்.பி. அளவிலான அதிகாரி வழியாக, வழக்கு விவரத்தோடு. நண்பரிடம் போன் போட்டு முன்னாள் மனைவியின் எண்ணைப் பார்ப்பது துறை நடவடிக்கைக்கும் வழக்குக்கும் போதுமான காரணம். கிடைக்கும் விவரமும் வீட்டு எண் அல்ல. ஊருக்குள் என்றால் ஒரு சில தெருக்கள். அணைக்கட்டுக்கு மேலே பீஞ்சமந்தை மாதிரி மலைக் கிராமமானால் ஒரு மலைப்பக்கமே ஒரே டவருக்குள் அடங்கிவிடும்.

இதுவரை சொன்னது வெளியாள் மிரட்டும் கதை. நீதிமன்றங்களில் நாங்கள் பார்க்கும் கோப்புகளில் மிரட்டுகிறவர் பெரும்பாலும் முன்னாள் கணவரேதான். அந்த எபிசோடையும் ஒருநாள் எழுதுங்கள். அதற்குத் தேவையானதைச் சொல்லிவைக்கிறோம்.

2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதிக்கப்பட்டவர் என்பது குடும்ப உறவில் இருக்கும் பெண் மட்டுமல்ல, இருந்த பெண்ணும். விவாகரத்துக்கு முன் செய்த வன்முறைக்கான பொறுப்பு விவாகரத்துத் தீர்ப்பால் அழிந்துவிடாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. "டைவர்ஸ்தான் ஆயிடுச்சே, இனி இந்தச் சட்டம் வராது" என்று உங்கள் தொடர்களில் வக்கீல் பாத்திரங்கள் சொல்வதை நிறுத்திவிடலாம். கணவர் சித்தூரில் இருந்தாலும் மனுவை வேலூரில் போடலாம். பெண் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடம்கூடப் போதும். உத்தரவு இந்தியா முழுக்கச் செல்லும். கிறிஸ்டியான்பேட்டை சோதனைச் சாவடியைத் தாண்டினால் தப்பிவிடலாம் என்ற காட்சி வேண்டாம். ஆனால் சித்தூர்க்காரருக்கு உத்தரவின் தெலுங்கு நகலையும் சேர்த்துக் கொடுத்துவிடுவது நல்லது. "எனக்குப் படிக்கத் தெரியாத பாஷையில் கொடுத்தார்கள்" என்று பின்னால் சொல்ல முடியாது.

மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவர் உண்டு. இத்தனை தொடர்களில் அவரை ஒருமுறையாவது காட்டியிருக்கிறீர்களா என்று யோசித்துப் பார்த்தோம், நினைவுக்கு வரவில்லை. குடும்ப நிகழ்வு அறிக்கையைப் படிவம் 1-இல் எழுதுவது அவர். மனு படிவம் 2. எதிர்த்தரப்பைக் கேட்காமலே இடைக்கால உத்தரவு வேண்டுமானால் படிவம் 3-இல் பிரமாணப் பத்திரம். படிவம் 5 பாதுகாப்புத் திட்டம்: என்ன நடந்தது, இனி என்ன நடக்கும் என்று பயம், அதற்கு என்ன ஏற்பாடு என்று கட்டம் கட்டமாக எழுதுவது. முதல் விசாரணை பொதுவாக 3 நாளுக்குள். அறிவிப்பைப் பாதுகாப்பு அலுவலர் 2 நாளுக்குள் சேர்ப்பிக்க வேண்டும். சேர்வதில்லை. விலாசத்தில் கதவு எண் இருக்காது, அல்லது பெங்களூரில் வேலை என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். வேலை பார்க்கும் இடத்தின் விலாசத்தையும் மனுவிலேயே எழுதிவிட்டால் இந்தத் தாமதத்தில் பாதி குறையும்.

18-ஆம் பிரிவுப் பாதுகாப்பு உத்தரவுதான் இதில் ஆயுதம். "மனுதாரருக்குத் தொந்தரவு தரக் கூடாது" என்று மொட்டையாக வாங்கினால் எதற்கும் உதவாது. பள்ளியின் பெயர், பேருந்து நிறுத்தம், மகளின் டியூஷன் தெரு, அம்மா வீடு என்று இடங்களைப் பெயர் சொல்லி எழுத வேண்டும். நேரில், போனில், எழுத்தில், இணையத்தில், வேறு ஆள் மூலமாக என்று தொடர்பின் வகைகளையும் எழுத வேண்டும். உதவி செய்யும் உறவினருக்கும் பக்கத்து வீட்டாருக்கும் தீங்கு செய்யக் கூடாது என்பதும் அந்தப் பிரிவிலேயே இருக்கிறது, கேட்டு வாங்க வேண்டும். நிலைய அதிகாரி பாதுகாப்புத் தர வேண்டும் என்று 19-ஆம் பிரிவில் ஒரு வரி சேர்த்துக் கேட்கலாம்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம் என்றால், முதல் தடவைப் பின்தொடர்தல் ஜாமீனில் விடக்கூடிய குற்றம். காலையில் பிடித்தவர் சாயங்காலம் நிலைய ஜாமீனில் வெளியே வருவார். அந்த இரவுதான் ஆபத்தான இரவு. 18-ஆம் பிரிவு உத்தரவு கையில் இருந்து அவர் அதை மீறினால், 31-ஆம் பிரிவின்கீழ் ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். தண்டனை சிறியதுதான். ஆனால் அது பிடியாணையில்லாமல் கைது செய்யக்கூடிய, ஜாமீனில் விட முடியாத குற்றம். நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போக முடியாது.

ஜாமீன் நிபந்தனையில் ஒரு கொடுமை நடக்கும், அதைக் கட்டாயம் காட்டுங்கள். "தினமும் காலை 10.30 மணிக்கு நிலையத்தில் கையெழுத்திட வேண்டும்" என்று உத்தரவு வரும். எந்த நிலையம்? வழக்குப் பதிவான நிலையம், அதாவது அந்தப் பெண் வீட்டிலிருந்து இரண்டு தெரு. சட்டமே மிரட்டியவரைத் தினமும் அந்தத் தெருவுக்குக் கொண்டுவந்து நிறுத்தும். வேறு ஊர் நிலையத்தில் கையெழுத்துப் போட வையுங்கள் என்று அரசு வழக்கறிஞர் ஜாமீன் மனு விசாரணையின்போதே கேட்க வேண்டும். அவருக்கு அது நினைவிருக்காது, பெண்ணின் வக்கீல் எழுதிக் கொடுக்க வேண்டும். பெண் என்றால் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி கிடைக்கும், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேட்டால் போதும்.

இடம் மாறி வந்தவரின் புது விலாசம் எப்படிக் கசிகிறது என்பதற்கும் துப்பாக்கி தேவையில்லை. குடும்ப அட்டையில் பதிவான செல்போன் எண் பழைய கணவருடையதாகவே இருக்கும். நியாயவிலைக் கடையில் பொருள் வாங்கினதும் குறுஞ்செய்தி அவருக்குப் போகும். கேஸ் சிலிண்டர் எண்ணும் அப்படித்தான். மகளின் டேப்லெட் இன்னமும் அப்பாவின் கூகுள் கணக்கில் ஓடும், இருக்குமிடம் வரைபடத்தில் தெரிந்துகொண்டே இருக்கும். குழந்தையைப் பார்க்க நீதிமன்றம் கொடுத்த நேரம் இன்னொரு வழி: கோட்டைப் பூங்காவில் மகளை ஒப்படைத்துவிட்டு அம்மா நேரே வீட்டுக்குப் போனால், பின்னால் ஒரு பைக் வரும். ஒருவர் போய்ப் பதினைந்து நிமிடம் கழித்துத்தான் மற்றவர் கிளம்ப வேண்டும் என்று உத்தரவிலேயே எழுதி வாங்கலாம்.

பெண் இன்ஸ்பெக்டர் தன் முன்னாள் கணவரைக் காப்பாற்றும் கதையை யாராவது எழுதினால் ஒன்று மட்டும்: குடும்ப வன்முறைச் சட்டத்தில் ஆண் மனுதாரராக முடியாது. அவருக்கு மிரட்டல் வழக்கு, சாட்சிப் பாதுகாப்பு, கோட்டாட்சியர் முன் சுரக்ஷா சன்ஹிதா 126-ஆம் பிரிவின்படி அமைதி காக்கும் பிணைப்பத்திரம் ஆகியவைதான் வழி.

நீதிமன்ற உத்தரவை அண்மைக் காட்சியில் காட்டும்போது வெற்றுத் தாளில் முத்திரை குத்திக் காட்டாதீர்கள். பிரிவு எண், தடை செய்யப்பட்ட இடங்கள், நகல் போகும் நிலையத்தின் பெயர் இருக்கட்டும். நகலுக்குக் கட்டணம் கிடையாது என்று ஒரு பாத்திரம் சொல்லிவிட்டுப் போகட்டும். படப்பிடிப்புக்கு முன் காவல் நிலையக் காட்சிகளையும் நீதிமன்றக் காட்சிகளையும் அனுப்பினால் பார்த்துத் திருத்தித் தருகிறோம். பணமும் வேண்டாம், நன்றி அட்டையில் பெயரும் வேண்டாம்.

எபிசோட் முடிவில் 181, 112 எண்களைப் போடுகிறீர்கள். பெயர்ப் பட்டியல் ஓடுவதற்கு முன்னால், படித்து மனதில் வாங்கிக்கொள்ளும் அளவுக்கு நிறுத்திப் போடுங்கள். அழைத்த எண் செல்போனின் அழைப்புப் பட்டியலில் தங்கிவிடும், அதைப் பார்த்து அடிக்கிறவர்கள் உண்டு என்பதையும் அங்கேயே ஒரு வரி சேருங்கள். பக்கத்து வீட்டுப் போனிலிருந்தோ, வேலை செய்யும் இடத்துப் போனிலிருந்தோ அழைக்கலாம்.

இப்படிக்கு,
வேலூரிலிருந்து உங்கள் தொடர்களைப் பார்க்கும் சிலர்